மூன்றாம் பாகத்தை முதலில் படிக்கலாமா? வீட்டில் அம்மாயியும் பேத்தியும் இரண்டு கட்சி

தேவாலா மழை எழுதியது:

வணக்கம். பொன்னியின் செல்வனில் இரண்டாம் பாகம் கிடைக்காவிட்டால் நேரே மூன்றாம் பாகத்துக்குப் போகலாமா? இதுதான் கேள்வி. வீட்டு விஷயம் தெரிந்தால்தான் சரியாகப் பதில் சொல்ல முடியும் என்பதால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் நீலகிரியில் பந்தலூர் பக்கம். நான் ஒரு தேயிலை பாக்டரியில் பச்சை இலை எடைக் கணக்கு எழுதுகிறேன். மகள் எட்டாம் வகுப்பு. 2022-லும் 2023-லும் வந்த இரண்டு படங்களையும் பார்த்ததிலிருந்து புத்தகம் வேண்டும், புத்தகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மே விடுமுறையில் கிளை நூலகத்திலிருந்து ‘புது வெள்ளம்’ எடுத்து வந்தாள். 57 அத்தியாயங்களை இரண்டு வாரத்தில் முடித்துவிட்டாள். திருப்பிக் கொடுக்கப் போனால் ‘சுழற்காற்று’ இல்லை. யாரோ எடுத்துப் போய் நாலு மாதம் ஆகிறதாம். மூன்று, நான்கு, ஐந்தாம் பாகங்கள் அலமாரியில் அப்படியே நிற்கின்றன.

இப்போது மழை பிடித்துவிட்டது. எங்கள் பக்கம் ஆனியில் பிடித்தால் ஆவணி வரை விடாது. கரண்ட் போய்ப் போய் வரும், பள்ளிக்கு அடிக்கடி லீவு. படிக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் மகள் மூன்றாம் பாகத்தைத் தொட மாட்டேன் என்கிறாள். ‘படத்தில்தான் கதை தெரியுமே’ என்றால், ‘படம் வேற, இது வேற’ என்கிறாள். இரண்டாம் பாகம் வராமல் மூன்றைப் பிரிப்பது பெரிய தப்பு என்பது அவள் கட்சி.

என் அம்மாவின் கட்சி நேர் எதிர். “கையில இருக்கிறதப் படி. நான் மூணாம் பாகத்துலதானே ஆரம்பிச்சேன்? எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

அம்மா சொல்வதும் உண்மைதான். அம்மா பிறந்தது இலங்கையில், தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். தாத்தா கல்கி பத்திரிகையில் வந்த தொடரைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, சணல் ஊசியால் தைத்து, அட்டை போட்டு ஐந்து புத்தகமாக வைத்திருந்தாராம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட குடும்பம் எங்களுடையது. 1973-இல் புறப்படும்போது அம்மாவுக்கு 15 வயது. பெட்டியில் பாத்திரமும் துணியும் போக இடமில்லை. நாலு பாகங்களைப் பக்கத்து லயத்துக்காரர்களிடம் கொடுத்துவிட்டார் தாத்தா. அப்போது அவர் படித்துக்கொண்டிருந்த ‘கொலை வாள்’ மட்டும் துணிப்பையில் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து இந்த மலைக்கு வந்தார்கள்.

அம்மாவிடம் பல வருடம் இருந்த ஒரே கதைப் புத்தகம் அந்த மூன்றாம் பாகம். முன்னாலும் தெரியாது, பின்னாலும் தெரியாது. திரும்பத் திரும்ப அதையே படித்திருக்கிறார். கொழுந்து பறிக்கும்போது நிரையில், அதாவது தேயிலைச் செடி வரிசையில், கூட நிற்கிற பெண்களுக்கு அந்தக் கதையைச் சொல்வாராம். ‘அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?’ என்று கேட்டால் தானே ஒரு கதை கட்டிச் சொல்வார். அந்தக் கட்டிய கதையைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். பிற்பாடு யார் யாரிடமோ வாங்கி நாலு, ஐந்து, கடைசியில் ஒன்று என்று படித்தார். இரண்டாம் பாகம் மட்டும் இன்றுவரை கைக்குக் கிடைக்கவில்லை. தைத்த புத்தகமும் ஒரு மழையில் ஊறிப் போய்விட்டது. இப்போது கண்ணில் புரை, எழுத்து தெரிவதில்லை.

நான் இந்த நாவலைப் படித்தவள் இல்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள், யார் கட்சி சரி? இன்னொன்று. இது முடிந்ததும் மகள் பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம் இரண்டையும் படிக்க நினைக்கிறாள். எது முதலில்?

குன்னூர் வாசகன் எழுதியது:

அக்கா, இதற்கு நாலு மாதம் காத்திருக்க வேண்டாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. தமிழ் நூல்களை மின்நூலாகத் தரும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் ஐந்து பாகமும் இலவசமாக இருக்கின்றன. போனில் இறக்கிக்கொண்டால் கரண்ட் இல்லாத நேரத்திலும் படிக்கலாம். மகள் காகிதத்தில்தான் படிப்பேன் என்றால் மலிவுப் பதிப்புகள் நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலும் ஐந்து பாகத்தையும் சேர்த்தே விற்கிறார்கள், தனியாக இரண்டாம் பாகம் கேட்டு வாங்குவது சிரமம்.

என் ஓட்டு மகளுக்கு.

பழைய தமிழாசிரியர், கோத்தகிரி எழுதியது:

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விக்குப் பலமுறை பதில் சொன்னவன்.

பொன்னியின் செல்வன் ஐந்து புத்தகங்கள் கொண்ட தொடர் வரிசை என்று நாம் பேசுகிறோம். உண்மையில் அது ஒரே கதை. 1950-இல் தொடங்கி 1954 வரை வாரா வாரம் வந்த 293 அத்தியாயங்கள். படிக்கக் கைக்கு அடங்க வேண்டும் என்பதற்காகத்தான் ஐந்து பாகம். ஐந்தாம் பாகம் மட்டும் 91 அத்தியாயம். அன்றைக்குப் படித்தவர்களுக்கு வரிசையை மாற்றும் வழியே இல்லை. ஒரு வாரம் இதழ் தவறினால் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு முடிச்சைப் போட்டு, அடுத்த வாரம் வரை வாசகரைத் தவிக்கவிடுவது கல்கியின் கை. அந்தத் தவிப்பு வரிசையில் படித்தால்தான் கிடைக்கும். இரண்டாம் பாகத்தின் முடிவில் கடலில் புயல் அடிக்கிறது. யார் பிழைத்தார், யார் போனார் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூன்றாம் பாகத்தின் முதல் சில பக்கங்களைப் பார்த்துவிட்டு அந்தப் புயலுக்குத் திரும்பினால் காற்றும் மழையும்தான் இருக்கும், பயம் இருக்காது. ஆகையால் உங்கள் மகள் சொல்வது சரி.

ஆனால் உங்கள் தாயார் செய்ததைத் தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். தலையும் காலும் இல்லாத ஒரு நடுப்பாகத்தை வைத்துக்கொண்டு, முன்கதையைத் தானே கட்டி, தேயிலை நிரையில் நின்று பத்துப் பேருக்குச் சொன்னவர் சாதாரண வாசகர் இல்லை.

அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. ‘சுழற்காற்று’ எந்த ஊரில் நடக்கிறது தெரியுமா? அதன் பெரும்பகுதி இலங்கையில். வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகில் கடல் தாண்டி, மாதோட்டம் போய், காட்டு வழியாக உள்ளே போகிறான். தம்புள்ளை, அனுராதபுரம் எல்லாம் வருகிறது. ஐந்து பாகங்களில் உங்கள் தாயாரின் பிறந்த நாடு விரிவாக வருவது அந்த ஒன்றில்தான். அதுதான் அவர் கைக்கு எட்டாமல் போயிருக்கிறது. எப்படியாவது தேடிக் கொடுங்கள். அவருக்கு எழுத்து தெரியாவிட்டால் பேத்தி வாசிக்கட்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் கொஞ்சம் வேறுமாதிரி. பார்த்திபன் கனவு 1941 முதல் 1943 வரை வந்தது. சிவகாமியின் சபதம் 1944-இல் தொடங்கி 1946-இல் முடிந்தது. கதைப்படி பார்த்தால் சபதம் முன்னால் நடப்பது, கனவு பின்னால் நடப்பது. இரண்டிலும் பல்லவ மன்னர் மாமல்லர் வருகிறார். பலபேர் காலவரிசை என்று சொல்லிச் சபதத்தை முதலில் கொடுக்கிறார்கள். நான் பார்த்திபன் கனவைத்தான் முதலில் கொடுப்பேன். அதில் ஒரு சிவனடியார் வருவார். அவர் யார் என்பது கதையின் ரகசியம், அதை இங்கே எழுதி உங்கள் மகளுக்குக் கெடுக்க மாட்டேன். சபதத்தின் நாலு பாகங்களையும் முடித்துவிட்டு வருகிற பிள்ளை அந்தச் சிவனடியாரைச் சீக்கிரமே அடையாளம் கண்டுபிடித்துவிடும். எழுதியவர் எந்த வரிசையில் எழுதினாரோ அந்த வரிசையில்தான் ரகசியங்களையும் மறைத்து வைத்திருப்பார். முன்கதையைப் பின்னால் எழுதும்போது, வாசகருக்கு இவ்வளவு தெரியும் என்று நினைத்துத்தான் எழுதுவார். அளவும் ஒரு காரணம். கனவு சின்னது, ஒரு வாரத்தில் முடியும். சபதம் பெரியது, முடிவில் மனசு கனத்துப் போகும். அந்தக் கனத்தோடு இன்னொரு கதைக்குள் போவது எளிதில்லை.

பள்ளி நூலக வேலை, ஊட்டி எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன அதே தகராறு ஆங்கிலத்திலும் உண்டு. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதைகளைக் கேட்டு வருவார்கள். ஏழு புத்தகங்கள், 1950 முதல் 1956 வரை வந்தவை. நார்னியா எப்படிப் பிறந்தது என்கிற கதை ஆறாவதாக, 1955-இல்தான் வெளியானது. பிற்காலப் பதிப்புகளில் அதன் முதுகில் 1 என்று போட்டுவிட்டார்கள். அதனால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். நான் 2 என்று போட்டிருப்பதை எடுத்துக் கையில் கொடுப்பேன். அலமாரியைத் திறந்தால் உள்ளே பனிக்காடு இருக்கிற ஆச்சரியம் அதில்தான் முழுசாக இருக்கிறது. அலமாரி எப்படி வந்தது என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆச்சரியம் பாதி போய்விடும்.

அக்கா, உங்கள் வீட்டில் நடக்கிற மாதிரியே அங்கேயும் ஒரு வீட்டில் தாய்க்கும் மகனுக்கும் இந்த வாக்குவாதம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு சிறுவன் கதையின் காலவரிசைதான் சரி என்கிறான், அவன் தாய் வெளிவந்த வரிசைதான் சரி என்கிறார். சிறுவன் 1957-இல் எழுத்தாளர் லூயிஸுக்கே எழுதிக் கேட்டுவிட்டான். அவர் பதில் போட்டார். தாயின் வரிசையைவிட உன் வரிசைக்குத்தான் நான் அதிகம் ஒத்துப்போகிறேன், ஆனால் எந்த வரிசையில் படித்தாலும் அவ்வளவு வித்தியாசம் இருக்காது என்கிற அர்த்தத்தில். எழுதியவரே சொன்ன பிறகும் நான் என் பிள்ளைகளுக்கு 2-ஐத்தான் முதலில் கொடுக்கிறேன். புத்தகத்தை மேசையிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பிக்கும் பிள்ளைகளின் முகத்தைத் தினமும் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கதை தொடர்கிற புத்தகங்கள் வேறு, ஆள் மட்டும் தொடர்கிற புத்தகங்கள் வேறு. சுஜாதாவின் துப்பறியும் வக்கீல்கள் கணேஷ், வசந்த் கதைகளை எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். ‘நைலான் கயிறு’ நாவலில் கணேஷ் தனியாகத்தான் வருவார், வசந்த் பிறகு சேர்ந்தவர். அது தெரியாமல் படித்தாலும் ஒரு கதையும் கெடாது. அதே சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ படிக்காமல் ‘மீண்டும் ஜீனோ’வை எடுக்கக் கூடாது. ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் வகை. 4 நாவல், 56 சிறுகதை. 1893-இல் வந்த கதையில் அவர் அருவியில் விழுந்து போய்விடுகிறார், 1903-இல் திரும்பி வருகிறார். அந்த இரண்டை மட்டும் முன்பின் மாற்றாமல் படித்தால் போதும், மற்றதெல்லாம் இஷ்டம்போல். காமிக்ஸிலும் அப்படித்தான், டெக்ஸ் வில்லர் எந்த இதழ் கையில் கிடைத்தாலும் படிக்கலாம். ‘இரத்தப் படலம்’ நினைவை இழந்த ஒருவன் தன்னைத் தானே தேடுகிற கதை. அவனுக்குத் தெரிய வருகிற வரிசையில்தான் நமக்கும் தெரிய வேண்டும்.

பொன்னியின் செல்வன் கதை தொடர்கிற வகை. மகள் காத்திருப்பது நியாயம்தான். அதுவரை அவளுக்கு ஒரு கணேஷ், வசந்த் கொடுத்துப் பாருங்கள்.

சேரம்பாடி எழுதியது:

அக்கா, என்னிடம் சுழற்காற்று இருக்கிறது. அட்டை கிழிந்தது, முதல் இரண்டு தாள் இல்லை, மற்றபடி முழுசாக இருக்கிறது. எங்கள் மாமியார் பெட்டியிலிருந்து வந்தது. அவர்களும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான், பதுளைக்காரர்கள். புதன்கிழமை பந்தலூர் பஜாருக்கு வருகிறேன். எங்கே கொடுக்கலாம் என்று தனியாகச் செய்தி அனுப்புங்கள். திருப்பித் தர அவசரம் இல்லை. அம்மா கேட்டு முடிக்கட்டும்.

தேவாலா மழை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. சேரம்பாடித் தங்கச்சி சொன்னபடியே வந்து புத்தகத்தைக் கொடுத்தார், பிளாஸ்டிக் கவருக்குள் இன்னொரு கவர் போட்டு, ஒரு சொட்டு மழை படாமல். இல்லாத முதல் இரண்டு தாளை மகள் மதுரைத் திட்டத்திலிருந்து பார்த்துக் கையாலேயே எழுதி உள்ளே வைத்துவிட்டாள். குன்னூர்த் தம்பிக்கு அதற்குத் தனி நன்றி.

தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு மகள் வாசிக்கிறாள், அம்மா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயம், கரண்ட் இல்லாவிட்டால் எமர்ஜென்சி லைட் இருக்கும் வரை. பூங்குழலி படகு தள்ளுகிற இடத்திலெல்லாம் அம்மா ஒன்றும் பேசவில்லை. இலங்கைக் கரை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு நாள் கழித்து, “மல எங்க? இன்னும் மலையே வரலையே” என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா நிரையில் கட்டிச் சொன்ன கதையில் இளவரசர் எப்போதும் மலையில்தான் இருப்பார். பனி இறங்கும், மட்டக்குதிரையில் வருவார், தேயிலைச் செடிக்குள் ஆள் ஒளிந்திருப்பார்கள். பத்தாம் நூற்றாண்டில் அங்கே தேயிலை ஏது? ஆனால் அம்மாவுக்குத் தெரிந்த இலங்கை அது ஒன்றுதான். புத்தகத்தில் வருவது காடும் ஏரியும், போரில் இடிந்த விகாரங்களும், அவற்றைத் திருப்பிக் கட்டச் சொல்கிற இளவரசரும். அம்மாவின் முகம் வாடிவிடுமோ என்று நினைத்தேன். மகளும் என்னைத்தான் பார்த்தாள்.

அனுராதபுரம் என்று மகள் வாசித்ததும் அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “இந்த ஊர நான் பாத்திருக்கேன்” என்றார். எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது, இதுவரை ஒரு நாளும் சொன்னதில்லை. மலையிலிருந்து இறங்கித் தலைமன்னாருக்குப் போகிற ரயில் அந்த ஊர் வழியாகத்தான் போகும். நடுராத்திரி ரயில் நின்றதாம். தம்பிகள் தூங்கிவிட்டார்கள். தாத்தா மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து, “இதாம்மா அனுராதபுரம், நம்ம கதையில வருமே” என்றாராம். அம்மாவுக்கு எந்தக் கதை என்று அப்போது தெரியாது. கேட்கவும் இல்லை. இருட்டில் ஒரு விளக்குக் கம்பமும் ஸ்டேஷன் பெயர்ப் பலகையும் மட்டும் தெரிந்ததாம்.

மகள் உடனே சமூக அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் படம் வரைய ஆரம்பித்துவிட்டாள். மன்னார் பக்கம் மாதோட்டம், உள்ளே அனுராதபுரம். வந்தியத்தேவன் வந்த வழிக்கு ஒரு கோடு, அம்மாயி போன ரயிலுக்கு ஒரு கோடு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பக்கத்தில்தான் ஓடுகின்றன. அவன் உள்ளே போன வழியில் இவர் வெளியே வந்திருக்கிறார். ஆசிரியர் ஐயா, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் இதைத் தேடியே இருக்க மாட்டேன்.

‘சித்திரங்கள் பேசின’ அத்தியாயத்தை அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். வாய் பேச முடியாத ஒருத்தி சுவரில் வரைந்து தன் கதையைச் சொல்கிற இடம். மூன்றாம் பாகத்திலிருந்தே அந்த ராணியை அம்மாவுக்குத் தெரியும். “இவ யாருன்னு தெரியும், ஏன் இப்படி இருக்கான்னு இப்பத்தான் தெரியுது” என்றார். மகள் இன்னும் தன் கட்சியை விடவில்லை. அம்மாயி வரிசையில் படித்திருந்தால் புயலில் தன்னை மாதிரிப் பயந்திருப்பார் என்கிறாள். அது உண்மைதான். நேற்று புயல் அத்தியாயங்களை வாசிக்கும்போது மகளின் குரல் நடுங்கியது, அம்மா அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பயப்படாத அம்மாவின் கண்தான் கலங்கியிருந்தது.

இன்று ராத்திரி கடைசி அத்தியாயம், ‘அபய கீதம்’. அடுத்ததற்காக மகள் நூலகத்திலிருந்து ‘கொலை வாள்’ எடுத்து வந்துவிட்டாள். அதைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மா திருப்பிக் கொடுத்தார். “நாளைக்கு நீ வாசிக்க வேணாம். மூணாம் பாகம் நான் சொல்றேன்” என்றிருக்கிறார். மகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறாளாம்.